எங்கள் குடக் கணக்கையும் கணக்கில் எடுங்கள்

எங்கள் ஊராட்சியைப் பார்த்துக்கொள்ளும் தனி அலுவலர் அவர்களுக்கும், ஊராட்சிச் செயலருக்கும், ஒன்றியத்தில் குடிநீரைக் கவனிக்கிற பொறியாளருக்கும் வணக்கம்.

ஊர்ப் பெயரையும் உங்கள் பெயர்களையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நாலு வரி படித்ததும் நம்மைத்தான் சொல்கிறாள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு, அழகர்மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மதுரைக்கு வடகிழக்கே ஒரு ஊர் என்பது போதும். வேறு ஊர்க்காரர்கள் யாராவது படித்துவிட்டு "அட, இது எங்க ஊராச்சே" என்று நினைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபை உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பந்தல், மிட்டாய், அப்புறம் கூட்டம். நான் எழுந்து, எங்கள் ஊர்ப் பெண்கள் நான்கு மாதமாக எடுத்த தண்ணீர்க் கணக்கை அச்செடுத்துக் கொடுத்தேன். வாங்கின அலுவலர் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டாமல், "இதையெல்லாம் யாரும்மா எடுக்கச் சொன்னது?" என்றார். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. "குறை இருந்தா மனுவா எழுதிக் குடுங்க, பாத்துக்கிடலாம்." அவ்வளவுதான். அன்றைய தீர்மானப் புத்தகத்தில் எங்கள் நாலு மாதமும் "குடிநீர் தொடர்பாகப் பொதுமக்கள் கோரிக்கை வைத்தனர்" என்று ஒரே வரியாகச் சுருங்கிப்போனது. எனக்குக் கோபம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, மைக் பாதியில் நின்றுபோனதால் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

எடுக்கச் சொன்னது நீங்கள்தான். மார்ச் மாதக் கிராம சபையில், நம் ஊரில் எல்லா வீட்டுக்கும் குழாய் இணைப்பு கொடுத்தாயிற்று, நூறு சதவீதம் என்று வாசித்தீர்கள். கை தட்டினோம், நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து ஜல் ஜீவன் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளை எடுத்துப் படித்தேன். 2019 ஆகஸ்ட் 15-இல் அறிவித்த திட்டம் அது. இணைப்பு என்றால் வெறும் குழாய் இல்லை, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், தரமான தண்ணீர், ஒழுங்காக வரவேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஊருக்குச் சான்று வேண்டுமென்றால் கிராம சபைதான் தீர்மானம் போட்டு உறுதிசெய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. அதாவது எங்களிடம் "தண்ணி வருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். எதை வைத்து நாங்கள் ஆமாம் என்பது, எதை வைத்து இல்லை என்பது? அதற்குத்தான் எண்ணினோம்.

என்னைப் பற்றி ரெண்டு வார்த்தை. சென்னையில் ஒரு கம்பெனிக்காக, யாரோ வெளிநாட்டுக்காரர்கள் எந்த மாதம் என்ன செருப்பு வாங்குகிறார்கள் என்று கணக்குப் பார்த்துச் சொல்வது என் வேலை. 2020 ஊரடங்கில் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தவள், வீட்டிலிருந்தே வேலை என்றாகி இங்கேயே தங்கிவிட்டேன். எவனோ ஒருவன் செருப்பு வாங்கும் பழக்கம் எனக்கு அத்துப்படி, எங்கள் தெருக்கோடியில் தண்ணீர் வருமா வராதா என்பது மட்டும் தெரியாது. அப்பத்தா இதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. "கம்ப்யூட்டர வச்சு என்னத்தத்தான் பாக்குற தாயி?"

சரி, குடத்துக்கு வருகிறேன். 55 லிட்டர் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது, எனக்கே புரியவில்லை. நாங்கள் தண்ணீர் அளப்பது குடத்தில். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து வீட்டுக் குடங்களை எங்கள் வாசலில் வரிசையாக வைத்து, ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி ஊற்றி அளந்தோம். பச்சைக் குடம் பதினாலு பாட்டில், ஆரஞ்சுக் குடம் பதினஞ்சு, சித்தி வீட்டுப் பழைய எவர்சில்வர் குடம் பதினொன்றிலேயே வழிந்துவிட்டது. "கல்யாணத்துக்கு வந்த குடம், அதைக் குறை சொல்லாதே" என்று சித்தி தனியாகச் சண்டைக்கு வந்தாள். பேசி முடித்து, ஊர்க்குடம் என்றால் பதினைந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டோம். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு 220 லிட்டர் வேண்டும். அதாவது பதினைந்து குடம். இதைச் சொன்ன நிமிஷத்திலேயே ஏழெட்டுப் பெண்கள் ஒரே குரலில் "பதினஞ்சா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில்தான் எங்கள் வேலை தொடங்கியது.

எப்படி எழுதுவது என்று ரொம்ப யோசிக்கவில்லை. பால்காரர் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எதில் இருக்கிறதோ அதில்தான் இதுவும். மளிகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த மாதக் காலண்டர் எல்லா அடுப்படியிலும் தொங்குகிறது. அன்றைக்குப் பிடித்த குடத்துக்கு ஒன்றுக்கு ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே போடு. ஞாயிறு சாயங்காலம் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. பாதிப் பேரிடம் சொந்தப் போன் கிடையாது, கணவர் போன் அல்லது மகன் போன். ஒரு அக்காவின் மகன், ஒன்பதாவது படிக்கிறவன், போட்டோ அனுப்ப அஞ்சு ரூபாய் கேட்பான், அதையும் அவர் கொடுத்தார். நான் அவற்றை கூகுள் ஷீட்டில் ஏற்றியதும் போட்டோவை அழித்துவிடுவேன். காலண்டரோடு சேர்ந்து அடுப்படியும் கொடியில் காயும் துணியும் விழுந்திருக்கும், அது என் போனில் கிடக்க வேண்டியதில்லை.

இதில் எங்கள் அப்பத்தா செய்ததைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு கிடைக்காது. அப்பத்தாவிடம் இருப்பது தினமும் தாள் கிழிக்கிற காலண்டர். கோடு போட்ட தாளைக் கிழித்துப் போட்டால் கணக்கும் போய்விடுமே என்று, கடைக்காரர்கள் பில் குத்தி வைப்பது மாதிரி ஒரு கம்பியில் குத்தி வைத்துக்கொண்டே வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சில தாளில் ஒரு வட்டம் போட்டிருந்தாள், சில தாள் வெறுமனே இருந்தது. என்ன வித்தியாசம் என்று கேட்டால், "வட்டம்னா தண்ணி வரல. ஒண்ணும் போடலேன்னா நான் மறந்துட்டேன்." நான் கம்பெனியில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் ஆகும்: வெறும் கட்டம் வேறு, சுழியம் வேறு. அன்றிலிருந்து ஊர் முழுக்க வட்டம்தான் விதி. சித்திரைத் திருவிழாவில் அழகரோடு பாதி ஊர் மதுரைக்குக் கிளம்பிப் போய்விட்டது, அந்த நாலைந்து நாள் பல வீட்டுக் காலண்டரில் கட்டம் காலி. அந்த நாள்களை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தண்ணீர் வரவில்லை என்று கூட்டிக் காட்டியிருக்கலாம், உங்களுக்கும் தெரிந்திருக்காது. செய்யவில்லை.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். ஏப்ரல் மாதக் கணக்கை முடித்துப் பார்த்தபோது ஊர் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் பதினாறு, பதினேழு குடம். நீங்கள் சொன்னது சரிதான் போல, நான்தான் சும்மா குதிக்கிறேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் கேட்ட இருபத்தாறு வீடும் அத்தை, மதினி, சித்தி, பெரியம்மா வீடுகள். எல்லாம் மேலத்தெருவும் நடுத்தெருவும். தொட்டி இருப்பதே மேலத்தெரு முக்கில். கிழக்குத் தெருவில் ஒரு வீடும் இல்லை, காலனியில் ஒரு வீடும் இல்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானே போகவில்லை. சின்ன வயதிலிருந்து எந்தத் தெருவுக்குப் போய்ப் பழகினேனோ அந்தத் தெருவில்தான் என் கணக்கும் நடந்திருக்கிறது. ஊர் என்று நான் எழுதினது ஊரில் பாதி.

மே மாதம் காலனி மகளிர் குழுவின் ஊக்குநர் அக்காவைப் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, முழுக்கக் கேட்டுவிட்டு, "ஒரு மாசம் கழிச்சு வந்திருக்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த வாரமே முப்பத்திரண்டு வீடு சேர்ந்தது, அவர் குழுவும் கிழக்குத் தெருக் குழுவுமாக. ஆக மொத்தம் ஐம்பத்தெட்டு வீடு. மே, ஜூன் கணக்கில் மேலத்தெருவில் வீட்டுக்குப் பதினேழு குடம், காலனியில் ஐந்து. ஐந்து குடம் என்பது நாலு பேர் வீட்டில் ஆளுக்கு இருபது லிட்டருக்கும் கீழே. மீதிக்கு சின்டெக்ஸில் வருகிற உப்புத் தண்ணீர், குடிக்க கேன். வாரம் மூன்று கேன், ஒரு கேன் முப்பது ரூபாய், மாதத்துக்கு முந்நூற்று அறுபது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வந்து ஏறுகிற அதே வங்கிக் கணக்கிலிருந்து.

நான் ஷீட்டில் இரண்டையும் சேர்த்து "சராசரி 11" என்று ஒரு கட்டத்தில் காட்டி, அதற்குப் பச்சை நிறமும் அடித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அந்த அக்கா கேட்டார்: "பதினொண்ணு எந்தத் தெருவுல வருது?" எந்தத் தெருவிலும் வரவில்லை. "அப்ப எதுக்கு அதை எழுதுற, எங்க தெரு காணாமப் போகுதே." அந்தக் கட்டத்தை அன்றைக்கே எடுத்தேன். உங்களிடம் கொடுத்த தாளில் ஊர்ச் சராசரி என்று ஒன்று இல்லாமல் தெரு வாரியாக மட்டும் இருந்ததற்குக் காரணம் இதுதான். முதல் பக்கத்தைப் புரட்டியிருந்தால் பார்த்திருப்பீர்கள்.

கணக்கு கையில் வந்ததும் ஊருக்குள் நடந்தது, நான் எதிர்பார்க்காதது. அதுவரை எல்லோரும் தொட்டி ஆபரேட்டர் அண்ணனைத்தான் வைவார்கள். வேண்டியவர்களுக்குத் திறந்துவிடுகிறார், காசு வாங்குகிறார், இன்னும் என்னென்னவோ. தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் வேறு ஒன்று தெரிந்தது. சில நாள் காலனியில் திடீரென்று எட்டு, ஒன்பது குடம். அந்த நாள்களில் என்ன நடந்தது என்று அண்ணனிடமே போய்க் கேட்டோம். அவர் யோசித்து, அன்றைக்கெல்லாம் பக்கத்துக் குக்கிராமத்துத் தொட்டிக்கு முதலில் போய்விட்டு இங்கே லேட்டாக வந்ததாகவும், அவசரத்தில் கிழக்கு வால்வை முதலில் திறந்துவிட்டு டீ குடித்தபின் மேற்கு வால்வைத் திறந்ததாகவும் சொன்னார். மற்ற நாளில் இரண்டையும் ஒன்றாகத் திறப்பார், தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற தெரு முதலில் குடித்துவிடும், கடைசிக்குப் போகும்போது வேகமே இருக்காது. ஒரே ஆள், இரண்டு தொட்டி, ஒரு சைக்கிள், கைக்கு வருகிற சம்பளத்தை நான் இங்கே எழுதினால் உங்களுக்கே கூச்சமாக இருக்கும். ஜூலை முதல் வாரத்திலிருந்து கிழக்கை அரைமணி நேரம் முன்னால் திறக்கிறார். காலனிக்கு ஐந்து குடம் ஒன்பதானது. ஒரு ரூபாய் செலவில்லை, மனுவும் இல்லை. மேலத்தெருவில் பதினேழு பதினைந்தானது, ரெண்டு மதினிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், அப்புறம் சரியாகிவிட்டது.

இன்னொன்று, எழுதவே சங்கடம். நடுத்தெருவில் ஒரு வீட்டுக்குப் பிறகு வரிசையாக மூன்று வீடுகளில் மட்டும் குடம் பாதியாகக் குறைகிறது. குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இப்படித்தான் விழும். அந்த வீடு எங்கள் பெரியப்பா வீடு. தெருத் தெருவாகக் காட்டும் தாளில் வீட்டுப் பெயர் எதையும் போடக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம், அதை அவருக்காக மாற்றவும் இல்லை, அவருக்கு எதிராக மாற்றவும் இல்லை. நேரில் போய்ச் சொன்னேன். "படிச்ச திமிரு" என்றார். மோட்டாரை எடுத்துவிட்டார். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

மூன்றாவது விஷயம்தான் உங்களால் மட்டும் முடிகிற விஷயம். காலனியிலும் கடைசி ஏழு வீட்டுக்கு, வால்வு முறை மாற்றியும் ஒன்றும் ஏறவில்லை. குழாய் போகிற வழியை நானும் பி.காம். படிக்கிற ரெண்டு பிள்ளைகளும் போனில் ஜிபிஎஸ் பிடித்துக்கொண்டே நடந்து, க்யூஜிஐஎஸ்ஸில் வரைபடம் போட்டோம். இலவச மென்பொருள்தான், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். மேடு பள்ளம் பார்க்கச் செயற்கைக்கோள் உயரக் கணக்கை எடுத்துப் போட்டேன், ஊரே தட்டையாகத் தெரிந்தது. முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்துப் பார்க்கிற கணக்கில் ஒரு அடி ஏற்ற இறக்கம் எங்கே தெரியப் போகிறது. காலனியில் கொத்தனார் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் சிரித்துக்கொண்டே டியூப் லெவலை எடுத்து வந்தார். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், இந்த முனை ஒருவர், அந்த முனை ஒருவர். ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ஓடைப் பாலத்துக்கு மேலே குழாய் ஒன்றரை அடி ஏறி இறங்குகிறது. அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொள்கிறது, தண்ணீர் தாண்டுவதில்லை. அந்த இடத்தில் ஒரு ஏர் வால்வு வேண்டும், இல்லையென்றால் குழாயைப் பாலத்துக்குக் கீழே இறக்க வேண்டும். எது சரி என்பதைப் பொறியாளர் சொல்லட்டும், நான் செருப்புக் கணக்குப் பார்க்கிறவள். ஆனால் இடம் அதுதான்.

இதற்கிடையில், நம் அலுவலகத்தில் இருக்கும் கணக்கையும் எங்கள் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி மனுப் போட்டேன். முப்பது நாளுக்குள் பதில் வந்துவிட்டது, அதற்கு நன்றி, எல்லா இடத்திலும் இப்படி வருவதில்லை. வந்தது பதினாலு பக்கம். தலைகீழாக ஸ்கேன் செய்த பக்கம் நாலு, பக்கவாட்டில் படுத்துக் கிடப்பது மூன்று, சீல் எண்களுக்கு மேலேயே குத்தியிருக்கிறது. முன்கடிதம் மட்டும் கோப்பாக வந்தது, அதுவும் பழைய எழுத்துருவில், என் கம்ப்யூட்டரில் திறந்தால் "ñ£" என்று என்னவோ கோழி கிளறின மாதிரி. தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்கு யூனிக்கோடு என்று 2010-லேயே அரசாணை போட்டாயிற்று. பரவாயில்லை, நானும் அந்த ரெண்டு பி.காம். பிள்ளைகளும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து எண்களைக் கையால் தட்டினோம்.

தட்டி முடித்ததும்தான் வேடிக்கை. மோட்டார் ஓடிய நேரம் என்ற பதிவேட்டில் ஏப்ரல் மாதம் முப்பது நாளும் காலை 6 முதல் 8. ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதினது. கோடை மழைக் காற்றில் டிரான்ஸ்பார்மர் போய் ஒன்றரை நாள் கரண்டே இல்லாமல் இருந்தோமே, அந்த நாளிலும் 6 முதல் 8. எங்கள் அப்பத்தாவின் கம்பியில் அந்த இரண்டு தாளிலும் வட்டம் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை எழுதினவரை மாட்டிவிட இதைச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் தாள் வந்து சேரவேண்டும் என்று கேட்டால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள், அந்தத் தாளில் "மோட்டார் ஓடவில்லை, காரணம்" என்று எழுத ஒரு கட்டமே கிடையாது. கட்டம் இல்லாத இடத்தில் உண்மையை எங்கே வைப்பது?

சட்டத்தையும் கொஞ்சம் புரட்டினேன், வேறு வழியில்லாமல். தகவலை மின்னணு வடிவில் கேட்டு வாங்கும் உரிமை பிரிவு 2(ஜெ)-யிலேயே இருக்கிறது. 2005 சட்டம், அதனால் ஃபிளாப்பியில், வீடியோ கேசட்டில் எல்லாம் கேட்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஃபிளாப்பி வேண்டாம். எந்த வடிவில் கேட்கிறோமோ அந்த வடிவில்தான் சாதாரணமாகத் தரவேண்டும் என்று 7(9) சொல்கிறது, கேட்காமலே உள்ளூர் மொழியில், மக்களுக்கு எளிதாகக் கிடைக்கிற மாதிரி வெளியிடுங்கள் என்று 4(4) சொல்கிறது. நான் கேட்பது கூட்டினால் கூடுகிற ஒரு எக்ஸெல் தாள். உங்கள் அலுவலகத்தில் அதைத் தட்டித்தானே மேலே அனுப்புகிறீர்கள்? அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, மறுபடி படமெடுத்து எனக்கு அனுப்புவதற்குப் பதில் முதல் கோப்பையே அனுப்பினால் உங்கள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பெண்ணுக்கும் ஒரு மணி நேரம் மிச்சம்.

"யார் எடுக்கச் சொன்னது" என்ற கேள்வி ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று யோசித்துப் பார்த்தேன். மதுரைச் சீமையில் பெண்கள் கணக்கு வைப்பது என்ன புதிதா? எங்கள் பக்கத்துக்காரர்தான் சின்னப்பிள்ளை, களஞ்சியம் சின்னப்பிள்ளை. கூலி வேலைக்குப் போன, பள்ளிக்கூடம் போகாத பெண். வயல் வேலைக்குப் பெண்களைக் கொத்தாகச் சேர்த்துக் கூலி பேசினவர், அப்புறம் களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களைக் கட்டினவர். 2001-இல் டெல்லியில் விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019-இல் பத்மஸ்ரீ. தர்மபுரியில் 1989-இல் அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கினதிலிருந்து இன்றுவரை எத்தனை ஊரில் எத்தனை தீர்மானப் புத்தகம், வரவு செலவுப் பேரேடு, சேமிப்பு அட்டை. வங்கி மேலாளர் அந்தக் கணக்கை நம்பி லட்சக்கணக்கில் கடன் கொடுக்கிறார். பத்துப் பைசா பிசகினால் குழுக் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று எங்கள் ஊக்குநர் அக்காவைக் கேட்டுப் பாருங்கள். கடன் என்றால் நம்புகிற கணக்கை, அதே பெண்கள் குடத்தில் எண்ணினால் "யார் சொன்னது" என்று ஏன் கேட்கிறீர்கள்?

மனு கொடுங்கள் என்கிறீர்கள். மனுவில் நாங்கள் "அய்யா கருணை கூர்ந்து" என்று எழுதவேண்டும், நீங்கள் பார்த்துச் செய்யவேண்டும். இது மனு இல்லை. ஐம்பத்தெட்டு வீட்டுக் கணக்கு இது. தப்பு இருந்தால் எந்தத் தெரு, எந்தத் தேதி என்று காட்டுங்கள், திருத்துகிறேன். எங்கள் கணக்கில் தப்பே இருக்காது என்று சொல்லவில்லை. ஏப்ரலில் எவ்வளவு பெரிய தப்பு செய்தேன் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். ஒரு அக்கா, தங்கச்சி வீட்டுக்குப் போன வாரத்திலும் கோடு போட்டு அனுப்பியிருந்தார், "ஆறுதானே வரும், தெரிஞ்சதுதானே" என்று. கண்டுபிடித்து எடுத்தோம். உங்கள் பதிவேட்டையும் யாராவது இப்படி உட்கார்ந்து பார்க்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

அதனால் இதைச் செய்யுங்கள். ஆகஸ்ட் தீர்மானத்தில் விட்டுப்போன எங்கள் தாளை அக்டோபர் கிராம சபையின் தீர்மானத்தில் இணைப்பாகச் சேருங்கள், ஒரு வரியாகச் சுருக்காமல். ஆபரேட்டர் அண்ணன் எழுதும் பதிவேட்டில் "ஓடவில்லை, காரணம்" என்று ஒரு கட்டம் போட்டுக் கொடுங்கள், கோடு போடுகிற வேலைதான், நானே வேண்டுமானாலும் அடித்துத் தருகிறேன். வாரம் ஒருதடவை அதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். பாலத்தடியில் ஒருமுறை பொறியாளர் வந்து நின்று பார்க்கட்டும், டியூப் லெவல் நாங்கள் கொண்டுவருகிறோம். அப்புறம், ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியை வைத்துப் பார்க்கப் பயிற்சி கொடுக்கவேண்டும் என்று திட்டத்திலேயே இருக்கிறது, எங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் சொல்லுங்கள், போய் வாழ்த்திவிட்டு வருகிறோம். இல்லையென்றால் பெட்டியை எங்களிடம் கொடுங்கள். தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சி இருக்கவேண்டும் என்பது இப்போது எங்கள் சித்திக்கே தெரியும், பார்க்கக் கருவிதான் இல்லை. தொட்டித் தூணில் "சுத்தம் செய்த நாள்" என்று எழுதுகிற இடத்தையும் ஒருதடவை போய்ப் பாருங்கள். மாதத்தை மட்டும் வெள்ளையடித்து மேலே மேலே எழுதி, அந்த இடம் இப்போது சுவரைவிடத் தடிப்பாக இருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்தபிறகு, எங்களுக்குப் போய்க் கேட்க வாசல் என்று ஒன்று இருந்தால் அது உங்கள் அலுவலகம் மட்டும்தான். உங்களுக்கும் இந்த ஒரு ஊர் மட்டும் இல்லை, இன்னும் பல ஊர் பார்க்கவேண்டும் என்று தெரியும். அத்தனை ஊரிலும் அடுப்படியில் காலண்டர் தொங்குகிறது. வேறு ஊர்ப் பெண்கள் கேட்டால் எங்கள் ஷீட்டை அப்படியே கொடுக்கத் தயார், சூத்திரமெல்லாம் போட்டே இருக்கிறது, தெருப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். மேலத்தெருவில் ஆரம்பிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவேன்.

அக்டோபர் கூட்டத்தில் நான் பேசப்போவதில்லை. காலனி ஊக்குநர் அக்காதான் தாளைப் படிப்பார், ஆகஸ்ட், செப்டம்பர் கணக்கையும் சேர்த்து. பதினைந்து நிமிஷம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மைக் செட்காரரிடம் பேட்டரியைச் சார்ஜ் போட்டுக் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் பந்தலைக் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போடச் சொல்லுங்கள், போனமுறை காலனிப் பெண்கள் எல்லாம் வெயிலில்தான் நின்றார்கள்.

இப்படிக்கு,
நடுத்தெரு, பஞ்சாயத்து டிவி அறைக்கு எதிர் வீடு
(அப்பத்தா தன்னையும் சேர்த்துப் போடச் சொன்னாள், கையெழுத்துக்குப் பதில் ஒரு வட்டம் போட்டாள், இன்றைக்குத் தண்ணீர் வரவில்லை)